ஹாலில் எதை முதன்மையாகக் காட்டுவது: ஜன்னலா, டிவியா, அம்மாவின் எம்ப்ராய்டரியா?

மாடிவீடு (கேள்வி):
எங்கள் ஹால் 11க்கு 17 அடி. வாசல் குட்டைச் சுவரில் இருக்கிறது. நேரெதிர்ச் சுவரில் அகலமான ஜன்னல், வெளியே மரக்கிளைகள் தெரியும். வலது பக்க நீளச் சுவரில் டிவி, அதையொட்டிக் கண்ணாடி ஷோகேஸ். இடது பக்கம் 6 அடி சோஃபா. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், உள்ளே வருபவர்களின் முதுகுக்குப் பின்னால், அம்மா தைத்த எம்ப்ராய்டரி மாட்டியிருக்கிறது. ஒரு மரம், கிளை முழுக்கப் பறவைகள். அகலம் 3 அடி, உயரம் 2 அடி. யாருமே அதைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பொருளும் தனியாகப் பார்த்தால் அழகுதான், ஆனால் ஹாலுக்குள் வந்தால் கண் எங்கேயும் நிற்க மாட்டேன் என்கிறது. டிவிச் சுவருக்குப் பளிச்சென்று சிவப்பு அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

மரத்தூள்:
சிவப்பு வேண்டாம். மனசாரச் சொல்கிறேன். அந்தச் சுவரில் பளிச்சென்று எதை அடித்தாலும் நீங்கள் மெருகேற்றுவது டிவியைத்தான். அணைத்து வைத்த டிவி ஒரு பெரிய கறுப்புச் செவ்வகம், வெளிர் சுவரில் கண் முதலில் போய் முட்டுவது அதில்தான். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் அடர் சாம்பலோ அடர் பச்சையோ அடித்தால் திரை சுவரோடு கலந்துவிடும். அந்தச் சுவர் அடங்கினாலே ஹாலில் கண்ணை இழுக்கும் சத்தத்தில் பாதி குறையும்.

இப்போது வாசலில் நின்று பாருங்கள். பகலில் வெளிச்சம் வரும் ஜன்னல்தான் ஜெயிக்கும், அதோடு போட்டி போட வேண்டாம். இரவில் அதே கண்ணாடி கறுத்துப் போகும், அப்போது கண்ணுக்கு வேறொரு இடம் வேண்டும். அது அம்மாவின் மரமாக இருக்கட்டும். அதை சோஃபாவுக்கு மேலே கொண்டு வாருங்கள்.

சோஃபாவின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருந்தால்தான் படம் எடுப்பாக நிற்கும். உங்கள் 6 அடிக்கு 4 அடி. துணி 3 அடிதான் என்பதால், சுற்றிலும் 5 அங்குலம் வெற்று மவுண்ட் (துணிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வரும் அட்டை) விட்டு ஃபிரேம் போடச் சொல்லுங்கள். சட்டத்தையும் சேர்த்தால் 4 அடி வந்துவிடும், பறவைகளுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். மவுண்ட் போர்டு அமிலம் இல்லாததாக இருக்கட்டும், கண்ணாடி நூலைத் தொடக் கூடாது. சோஃபா முதுகுக்கும் ஃபிரேமின் அடிக்கும் 6 முதல் 8 அங்குலம் போதும். பெரும்பாலான வீடுகளில் படத்தைக் கூரைக்குப் பக்கத்தில் தூக்கி மாட்டிவிடுகிறார்கள், அது சோஃபாவோடு ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கும்.

ஜன்னலோரம்:
டிவி விஷயத்தில் மரத்தூள் சொன்னதேதான். ஜன்னலைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேலே அரையடி உயர்த்தி, இரண்டு பக்கமும் முக்கால் அடி நீட்டிப் போடுங்கள். திரையை ஒதுக்கினால் கண்ணாடி முழுசாகத் திறந்து கிடக்கும், மரக்கிளை ஒன்றுகூட மறையாது. ஜன்னல் திண்டில் எதையும் அடுக்காதீர்கள்.

ஷோகேஸ்தான் எனக்கு உறுத்துகிறது. கண்ணாடிக்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளும் ‘என்னைப் பார்’ என்கிறது. தட்டுக்கு மூன்று நான்கு வைத்துவிட்டு மீதியை எடுத்து வையுங்கள். உள்ளே விளக்கு இருந்தால் அணைத்தே இருக்கட்டும்.

மாடிவீடு:
ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். இரவில் படம் தெரிய விளக்கு வேண்டுமே, ஆனால் வாடகை வீடு, கூரையில் துளை போட முடியாது. அப்புறம், ஜன்னல் வெயிலில் நூல் வெளுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மரத்தூள்:
பயம் நியாயமானது. சாய நூலுக்கு வெயில் ஆகாது, வெளுத்த நிறம் திரும்பவும் வராது. ஒரு நாள் முழுக்க சோஃபாச் சுவரைக் கவனியுங்கள். நேர் வெயில் விழும் நேரத்துக்கு மட்டும் மெல்லிய திரையை இழுத்துவிடுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது, ஆனாலும் நேர் வெயிலில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

கூரையில் கை வைக்க முடியாவிட்டால், ஃபிரேமின் மேல் விளிம்பில் மாட்டும் சார்ஜ் விளக்கு போதும். எல்இடி, 2700 அல்லது 3000 கெல்வின் (இதமான மஞ்சள் வெளிச்சம்), சிஆர்ஐ 90க்கு மேல். நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவுதான் சிஆர்ஐ, அதிகபட்சம் 100. சிஆர்ஐ குறைந்தால் சிவப்பு நூலும் பழுப்பு நூலும் ஒன்றுபோலத் தெரியும். இந்த விளக்கு மேலிருந்து சரிவாக விழுவதால் ஒவ்வொரு தையலுக்கும் கீழே மெல்லிய நிழல் விழும். இறகில் ஊசி எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதுகூடத் தெரியும். நேருக்கு நேர் அடிக்கிற விளக்கில் இது தட்டையாகிவிடும்.

இரவில் கூரையின் நடு விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு சின்ன விளக்கை மட்டும் எரிய விடுங்கள். படத்தின் மேல் விழும் வெளிச்சம் சுற்றுப்புறத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் கண் அங்கே போகும். விளக்கு மாட்டும் முன், கைபேசி டார்ச்சை ஃபிரேமின் மேல் பிடித்து, வாசலிலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் மின்னினால் கொஞ்சம் சுவர்ப் பக்கமாக நகர்த்திப் பிடித்துப் பாருங்கள், அந்த நீளத்துக்குக் கை உள்ள விளக்காக வாங்கிக்கொள்ளலாம்.