புதுப்பிப்பு: ஃபார்மேட் கேட்ட ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்கள் திரும்பக் கிடைத்தன

கேபிளைப் பிடுங்கியதும் 1 டிபி எக்ஸ்ஃபேட் (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஒரு முறை) டிஸ்க் ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்கிறது, உள்ளே அக்கா கல்யாணப் படங்கள் என்று முன்பு இங்கே உதவி கேட்டு எழுதியிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

டிஸ்க்கில் எதையும் எழுதாமல் முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் முழுப் பிரதி எடுத்தேன். பிரதியில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டியதில் பார்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) தெரிந்தது, கோப்புகள் திறக்கவில்லை. கோப்புகளை நேரடியாகத் தேடி மீட்கும் ஃபோட்டோரெக்கை ஓட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. படங்கள் அநேகமாக எல்லாம் வந்துவிட்டன.

எதிர்பார்க்காதது: பழைய பெயர்களும் ஃபோல்டர்களும் போய், ‘எஃப்’ போட்ட வெறும் எண்கள்தான். எக்ஸிஃபில் (படத்துக்குள்ளேயே கேமரா பதியும் விவரம்) இருந்த தேதியை வைத்து, தாலி கட்டியதிலிருந்து பந்தி வரை வரிசைப்படுத்தினேன். துண்டுதுண்டாகப் பதிவான இரண்டு வீடியோக்கள் ஓடவில்லை.

அப்புறம், டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்ஸுக்கு (விண்டோஸின் கோப்பு முறை) மாற்றிவிட்டேன். எக்ஸ்ஃபேட்டில் இல்லாத ஜர்னல் (செய்யும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) இதில் உண்டு. மேக்கில் தனி மென்பொருள் இல்லாமல் படிக்க மட்டும்தான் முடியும். எங்களிடம் மேக் இல்லை. படங்களுக்கு இன்னொரு டிஸ்க்கிலும் நகல் இருக்கிறது.