பவளத் தொட்டியில் மூன்று விதமான புழுக்கள், எதற்கு மருந்து போட வேண்டும்?

மழைக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். 90 செ.மீ. நீளத்தில் சுமார் 180 லிட்டர் தொட்டி, லைவ் ராக் (உயிரினங்கள் குடியிருக்கும் கடற்பாறை) போட்டு ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன், ஒரு கிளீனர் இறால், பவளத்தில் மஷ்ரூம், சோவா, ஒரு ஹேமர். போன மாதம் கடையிலிருந்து ஒரு சோவா துண்டு வாங்கி அப்படியே தொட்டியில் வைத்துவிட்டேன், டிப் (புழு போக மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்பது) எதுவும் செய்யவில்லை.

இப்போது மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, பின்பக்கக் கண்ணாடியிலும் பம்ப் மீதும் சின்னச் சின்ன வெள்ளைச் சுருள்கள், நத்தை ஓட்டை ஊசிமுனையில் வைத்த மாதிரி, ஒவ்வொன்றும் 2 மி.மீ. கூட இருக்காது. இரண்டு, மணல் மேலும் மஷ்ரூம் மேலும் துரு நிறத்தில் தட்டையாகப் புள்ளிகள், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில்தான் கூட்டமாக இருக்கின்றன, உற்றுப் பார்த்தால் மெதுவாக வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. மூன்று, ராத்திரி டார்ச் அடித்தபோது பாறைப் பொந்திலிருந்து இளஞ்சிவப்பாக, பக்கவாட்டில் மயிர் மயிராக இருக்கும் ஒரு புழு பாதி உடம்பை வெளியே நீட்டியது.

சோவா நான்கு நாளாகச் சரியாக விரியவில்லை. ஒரு நண்பர் நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைக் கரைத்து ஊற்றினால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்கிறார். செய்யலாமா?

உப்புத்தண்ணீர்

முதலில் அந்த நாய் மருந்தை எடுத்து வைத்துவிடுங்கள். அதில் இருக்கும் ஃபென்பெண்டசோல் புழுவை மட்டும் பார்த்துக் கொல்லாது, பாறைக்குள் உங்கள் கண்ணுக்கே தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான நல்ல புழுக்கள் மொத்தமாகச் செத்து அழுகினால் அமோனியா ஏறும், நத்தைகளும் சில மென்பவளங்களும்கூட அதைத் தாங்காது. பாறை அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பல நாள் கழித்தும் விடும்.

வெள்ளைச் சுருள் ஸ்பைரார்பிட். சுண்ணாம்புக் கூட்டுக்குள் இருக்கும் வடிகட்டி உண்ணும் புழு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கூட்டு வாயில் குட்டி விசிறி மாதிரி கிரீடம் தெரியும். எதையும் கடிக்காது. பம்புக்குள் படிந்தால் மட்டும் அதைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துவிடுங்கள். (சுருளாக இல்லாமல் கூடு குழாயாக நிமிர்ந்து நின்று, அதிலிருந்து சிலந்தி நூல் மாதிரி சளி வந்தால் அது வேறு. அது புழுவே இல்லை, வெர்மெடிட் என்ற நத்தை. பவளத்தை உறுத்தும், குழாய் வாயை சூப்பர் குளூ வைத்து அடைத்துவிடலாம்.)

மயிர் வைத்தது பிரிஸ்டில் புழு. மீதி உணவையும் செத்ததையும் தின்னும், அதை விட்டுவிடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், முள் ஏறினால் செலோடேப் ஒட்டி உரித்து எடுத்து வினிகர் தடவுங்கள். பவளம் தின்னும் நெருப்புப் புழுவான ஹெர்மோடிஸ் பெரும்பாலும் அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கத்தது. தடித்த உடம்பு, முட்களின் அடியில் சிவப்பாகச் செவுள் குஞ்சம் இருக்கும்.

உங்கள் பிரச்சினை இரண்டாவதுதான். பின்பக்கம் மூன்று மடலாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிவப்புத் தட்டைப்புழு, கன்வோலுட்ரிலோபா. பவளத்தைத் தின்னாது, ஆனால் மேலே போர்வை மாதிரி படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும், சோவா விரியாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெயில் காய்கிற ஜென்மம், அதனால்தான் விளக்குக்கு நேராகக் கூடுகிறது. இதில் ரெட்ரோஜெம்மா என்ற இனத்துக்கு 1988-இல் பெயர் வைத்தார்கள். தாயின் பின்பக்கத்தில் குட்டி தலைகீழாக, தலை எதிர்த்திசையில் இருக்கும்படி மொட்டாக வளர்ந்து பிரியும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஜோடியே வேண்டாம், ஒன்று இருந்தால் போதும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பாறைமீன்

தம்பி, மேலே சொன்னதெல்லாம் சரி. நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படக்கூடாது.

ஆறு வருடத்துக்கு முன் என் தொட்டியில் மணலே தெரியாத அளவுக்கு இதே சிவப்புப் புழு. தட்டைப்புழு மருந்து வாங்கி அன்று மாலையே ஊற்றினேன். இருபது நிமிடத்தில் புழுக்கள் கொத்துக் கொத்தாகக் கழன்று மிதந்தன, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வெளிர் செம்மண் நிறத்துக்குப் போனது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. விடிவதற்குள் ஒரு ராஸ் மீனும் இரண்டு இறாலும் போய்விட்டன. அந்த மருந்து மீனைக் கொல்லவில்லை, புழு சாகும்போது அதன் உடம்பிலிருந்து வெளியே வருகிற நஞ்சுதான் கொன்றது. இதை யாரும் அப்போது எனக்குச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மருந்துக்கு முன் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஏர் பம்பு டியூப் மாதிரி மெல்லிய குழாய் வைத்து, விளக்கு எரிந்து சில மணி நேரம் ஆன பிறகு, அவை வெளியே பரவியிருக்கும்போது உறிஞ்சி வாளியில் விடுங்கள். சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) இருக்கும் பில்டர் சாக்கில் விட்டுத் தண்ணீரைத் திருப்பி எடுக்காதீர்கள், நசுங்கிய புழுவின் நஞ்சு மறுபடி தொட்டிக்கே வரும். ஒரு நாளில் முடியாது, இரண்டு வாரம் விட்டு விட்டுச் செய்யுங்கள். உணவையும் கொஞ்சம் குறையுங்கள்.

மருந்து போடும் அன்று காலையிலேயே 50 லிட்டர் உப்புத்தண்ணீர் கலந்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து நஞ்சை உறிஞ்சும் புது கார்பன் கையில் இருக்கட்டும், ஆனால் மருந்து ஊற்றும்போது ஓடக்கூடாது, மருந்தையே இழுத்துவிடும். புழு கழன்று மிதக்க ஆரம்பித்ததும் குழாயை எடுத்து உறிஞ்சிக்கொண்டே இருங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் முடிந்ததும் கார்பன், தண்ணீர் மாற்றம். மீன் மூச்சு வாங்கினால் நேரம் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். பாறைக்குள் தப்பியவற்றுக்காக ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

ஆழ்கடல்23

மருந்தே வேண்டாம் என்றால் ஆறுகோடு ராஸ் விடலாம், ஆனால் எல்லா ராஸும் இதைத் தின்பதில்லை, வளர்ந்த பிறகு சின்ன மீன்களை விரட்டும். கெலிடோனுரா வேரியன்ஸ் என்ற நீலக்கோட்டுக் கடல் நத்தை நிச்சயமாகத் தின்னும், ஆனால் அதற்கு இந்த மாதிரிப் புழுதான் சாப்பாடு, தீர்ந்ததும் பட்டினியில் சாகும், அலை உண்டாக்கும் வேவ்மேக்கரில் மாட்டியும் சாகும். உங்கள் தொட்டிக்காக ஓர் உயிரை அப்படிக் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பாது.

பிரிஸ்டில் புழுவை ஒரு தடவை தலைப்பக்கம் நன்றாகப் பார்த்துவிடுங்கள். தலையில் ஐந்து உணர்கொம்பும் உடம்பில் எண்ணெய் பட்ட மாதிரி மினுமினுப்பும் இருந்தால் அது யூனிஸ் குடும்பம், அதை எடுத்தே ஆக வேண்டும். 2009-இல் இங்கிலாந்தின் நியூகீயில் ஒரு பொது மீன்காட்சியகத்தில் பவளம் ஏன் சிதைகிறது, மீன் ஏன் காயப்படுகிறது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தபோது நான்கடி நீளத்தில் அப்படி ஒன்று கிடைத்தது.

இனி எந்தப் பவளம் வாங்கினாலும் டிப் செய்துவிட்டு வையுங்கள். டிப் முட்டையைக் கொல்லாது, முடிந்தால் தனித் தொட்டியில் சில வாரம்.

மழைக்குருவி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஏழு தடவை உறிஞ்சினேன், முதல் நாள் வாளியின் அடி முழுக்கச் சிவப்பு, ஏழாவது தடவை தேடித் தேடிப் பத்துப் பன்னிரண்டு. போன சனிக்கிழமை மருந்து போட்டேன். தண்ணீர் நிறம் மாறவே இல்லை, இறால் உட்பட எல்லாம் நலம். பாறைமீன் அண்ணா, 50 லிட்டர் தண்ணீரைத் தயாராக வைத்ததால்தான் கை நடுங்காமல் செய்ய முடிந்தது, மிக்க நன்றி. சோவா இரண்டு நாளாக முழுதாக விரிகிறது.

பிரிஸ்டில் புழுவின் தலையை இரண்டு ராத்திரி சிவப்பு டார்ச்சில் பார்த்தேன், நீளமான கொம்பும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. பொந்திலேயே விட்டுவிட்டேன். வருகிற சனிக்கிழமை இரண்டாவது டோஸ், அதற்கும் தண்ணீர் கலந்து வைக்க வேண்டும்.