ஜியோ பிளாக்கிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

> 'புவித்தடை' என்றே வைத்துக்கொள்ளலாமே, சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, சுருக்கம் சரி, பொருள்தான் இடறுகிறது. தடை போடுவது அரசு. ஜியோ பிளாக்கிங் என்பது அந்த அரசின் ஆணைக்குத் தளம் கையாளும் உத்தி. பதிவு தளத்தின் வழங்கியில் (சர்வரில்) அப்படியே இருக்கும். பார்க்க வருபவரின் ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) எந்த நாட்டுக்கு ஒதுக்கிய தொகுதி என்று பார்த்து, அந்த நாட்டுக்கு மட்டும் காட்டாமல் விடுவார்கள். 'முடக்கம்' ஏற்கெனவே கணக்கு முடக்கத்துக்குப் போய்விட்டது. என் பரிந்துரை 'நாடுவாரி மறைப்பு'. எதிர்ச்சொல் 'உலகளாவிய நீக்கம்'.

இவ்விரண்டையும் பிரிக்காமல் தீர்ப்புகளைத் தமிழில் எழுதவே முடியாது. 2019 அக்டோபரில் யோகா குரு ராம்தேவ் தொடுத்த அவதூறு வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது: இந்தியாவிலிருந்து ஏற்றியதை உலகம் முழுக்க நீக்கு, வெளியிலிருந்து ஏற்றியதை இந்தியாவில் காட்டாதே. 2024-ல் சிட்னி தேவாலயக் கத்திக்குத்துக் காணொளி தொடர்பான 65 இணைப்புகளை எக்ஸ் ஆஸ்திரேலியாவில் மறைத்தது. வேறு நாட்டு ஐபியைக் காட்டும் விபிஎன் போட்டால் தெரிகிறதே என்றார் இணையப் பாதுகாப்பு ஆணையர். சட்டம் கேட்பது நியாயமான நடவடிக்கைகளை. உலகெங்கும் நீக்குவது அதில் சேராது என்று ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், எல்லா நாட்டிலும் மறைக்கச் சொன்ன இடைக்கால ஆணையை நீட்டிக்க மறுத்துவிட்டது.

---

> 'நாடுவாரி மறைப்பு'

சொல்லுக்கு ஆதரவு. வரையறையில் மட்டும் 'அந்நாட்டவருக்கு' என்று எழுதிவிட வேண்டாம். 2000-ல் யாகூவின் நாஜிப் பொருள் ஏலத்தைப் பிரான்சில் மறைக்கக் கோரிய பாரிஸ் வழக்கிலேயே, ஐபி முகவரியால் பிரெஞ்சுப் பயனர்களில் சுமார் 70 விழுக்காட்டினரைத்தான் அடையாளம் காணலாம் என்றார்கள் வல்லுநர்கள். 'அந்நாட்டில் இருப்பவருக்கு' என்பதும் பிசகும். சென்னை சிம்முடன் சிங்கப்பூரில் ரோமிங்கில் இருப்பவரின் தரவு பெரும்பாலும் இந்திய வலையமைப்பு வழியாகவே போகும். அவருக்கு இந்திய ஐபி, இந்திய மறைப்பு. 'ஐபி முகவரி காட்டும் நாட்டை வைத்து' என்று எழுதுங்கள்.

---

> எக்ஸ் தளம் சொல்வதுபோல் 'நிறுத்திவைப்பு' (withheld) போதாதா?

போதாது. தேர்வு முடிவை நிறுத்திவைத்தால் பிறகு வரும் என்று எதிர்பார்ப்போம். இங்கே அந்த உறுதி கிடையாது.

இன்னொன்றும் சேர்த்து முடிவுசெய்யலாம். சட்டக் காரணத்தால் மறைத்ததைச் சொல்லவே 451 என்ற இணையப் பிழைக் குறியீடு 2016-ல் வந்தது. 404 வந்தால் பக்கமே இல்லை என்று வாசகர் போய்விடுவார். 451-உடன் வரும் 'பிளாக்ட்-பை' (blocked-by) இணைப்பு, மறைப்பைச் செயல்படுத்தும் நிறுவனத்தைக் குறிக்கும், ஆணையிட்ட அரசை அல்ல. 'தடுத்தவர்' என்று போட்டால் அரசு என்றுதான் படிப்பார்கள். 'மறைப்பாளர்' எப்படி?