சுமையில் நின்றுவிடும் பழைய பொக்லைன்: டீசல் பம்பைக் கழற்றத்தான் வேண்டுமா?

பர்கூர் குவாரி

அனைவருக்கும் வணக்கம். பர்கூருக்கு அருகே ஒரு கிரானைட் குவாரியில் எங்கள் 20 டன் பொக்லைன் வாடகைக்கு ஓடுகிறது. ஆறு சிலிண்டரும் இன்லைன் பம்பும் கொண்ட, எலக்ட்ரானிக் எதுவும் இல்லாத பழைய எஞ்சின். சில வாரங்களாகக் காலையில் கை பம்ப் (லைனில் டீசலை ஏற்றக் கையால் அடிப்பது) அடிக்காமல் ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்ட் ஆனபின் முற்பகல் முழுவதும் குறையின்றி ஓடுகிறது. மதியத்துக்கு மேல், பெரிய கல்லைப் புரட்டும் நேரத்தில், எஞ்சின் வேகம் தானாக இறங்கி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டு, மறுபடி கை பம்ப் அடித்தால் ஓடுகிறது. இரண்டு டீசல் ஃபில்டர்களும் புதியவை. பம்பின் எலிமெண்ட் (உள்ளே டீசலை அழுத்தும் பிளஞ்சர் ஜோடி) தேய்ந்துவிட்டது, இறக்கிக் கலிபரேஷன் செய்தாக வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். செலவோடு வாடகையும் போகும் என்பதால், கழற்றும் முன் உறுதி செய்துகொள்ள வழி உண்டா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். டீசலைப் பங்க்கிலிருந்து பேரலில் கொண்டுவந்து குவாரியிலேயே நிரப்புகிறோம்.

கிருஷ்ணகிரி டீசல் மெக்கானிக்

ஐயா, வணக்கம். இப்போதைக்குப் பம்பைத் தொடாதீர்கள். எலிமெண்ட் தேய்ந்த பம்பின் அடையாளம் வேறு. எஞ்சின் சூடேறியதும் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியே நழுவும். ஆகையால் இழுவை குறையும். அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. ஆறிய பிறகுதான் பிடிக்கும். அதற்குக் கை பம்ப் அடிப்பதால் பயன் ஒன்றும் இராது. உங்கள் வண்டி கை பம்ப் அடித்ததும் உயிர் பெறுகிறது என்றால், பம்புக்குப் போதிய டீசல் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். (சூடான பம்பின் மேல் தண்ணீர் ஊற்றிச் சோதிப்பவர்களும் உண்டு. உள்ளே பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் அதைச் செய்ய விடாதீர்கள்.)

நீங்கள் எழுதியதில் முக்கியமானது, குறை மதியத்துக்கு மேல் வருகிறது என்பது. டேங்க் நிறைந்திருக்கும்போது டீசலின் மட்டம் ஃபீட் பம்பைவிட (டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தரும் சிறு பம்ப்) உயரத்தில் இருப்பதால், லைனில் சிறு ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே கசியுமே தவிரக் காற்று உள்ளே போகாது. மட்டம் ஃபீட் பம்புக்குக் கீழே இறங்கியதும் அதே ஓட்டை காற்றை இழுக்கத் தொடங்கும். அப்போது வெளியே ஒரு துளிக் கசிவும் தெரியாது என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரவில் அந்த வழியாகவே லைனுக்குள் காற்றுப் புகுந்து, டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுவதால் காலை ஸ்டார்ட்டிங் சிரமமாகிறது.

இதை உறுதி செய்ய ஒரு கேன் போதும். குறை தலைகாட்டும் நேரத்தில், சுத்தமான கேனில் டீசல் நிரப்பி, ஃபீட் பம்பைவிட உயரமான இடத்தில் அசையாதபடி கட்டி, அதிலிருந்து புது ஹோஸை நேராக ஃபீட் பம்பின் உள்வழியில் இணையுங்கள். ரிட்டர்ன் லைனையும் அதே கேனில் விட வேண்டும். மறந்தால் கேன் டீசல் டேங்குக்குப் போய்விடும். இந்த அளவு எஞ்சின் சுமையில் மணிக்குச் சுமார் 12 முதல் 15 லிட்டர் குடிக்கும் என்பதால் 35 லிட்டர் கேனே நல்லது. வழக்கமான வேலையைக் கொடுங்கள். வண்டி நிற்கவில்லை என்றால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான் கோளாறு. அப்போதும் நின்றால், ஃபீட் பம்பின் வால்வுகளையும் ஓவர்ஃப்ளோ வால்வையும் (மிகுந்த டீசலை ரிட்டர்ன் லைனில் விடுவது) பார்த்த பிறகே பெரிய பம்புக்கு வர வேண்டும்.

கேனை எடுத்த பிறகு, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் டிரான்ஸ்பரென்ட் ஹோஸைப் போட்டு டேங்கிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். காற்று வந்தால் குமிழ்கள் வரிசையாக ஓடுவது கண்ணுக்கே தெரியும். கை பம்பின் கைப்பிடியும் சொல்லும்: லைன் நன்றாக இருந்தால் சில அடிகளிலேயே இறுகும், காற்று இருந்தால் மெத்தென்று போய்க்கொண்டே இருக்கும்.

தேன்கனிக்கோட்டை பராமரிப்பு

மேலே சொன்ன சோதனையை நானும் வழிமொழிகிறேன். காற்றைப் போலவே அடைப்பும் இதே குறையைத் தரும் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத்துளை கிரானைட் தூசியால் அடைபட்டிருக்கிறது. நம் பகுதிக் குவாரிகளில் டிரில்லிங் தூசி டீசலில் நனைந்து அந்தத் துளையில் பசைபோல் இறுகிவிடுகிறது. ஃபில்டரை மாதந்தோறும் மாற்றுகிறவர்கள்கூட மூடியைக் கழுவுவதில்லை.

அடுத்தது டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலை. பேரல் டீசலில் தண்ணீர் சேர்ந்தால், அடியில் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கருமையான வழவழப்பான கசடு உண்டாகும். எஞ்சின் இழுக்கும்போது அது வலையில் ஒட்டிக்கொள்ளும், நின்றதும் உதிர்ந்துவிடும். கால் மணி நேரத்தில் வண்டி தானே சரியாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேரலை எப்படி வைக்கிறீர்கள் என்றும் கவனியுங்கள். நிமிர்த்தி வைத்த பேரலின் மேல் மழைநீர் தேங்கும். பகலில் விரிந்த உள்காற்று இரவில் சுருங்கும்போது, மூடியின் மரை வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கூரையின் கீழ் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் டீசல் மட்டத்துக்குக் கீழே கிடைமட்டமாக இருக்கும்படி வைத்தால் இது நேராது. வண்டியில் நிரப்பும் முன் பேரலை நிமிர்த்தி அசைக்காமல் ஒரு இரவு விட்டு, அடியில் நான்கு விரல் அளவு டீசலை விட்டுவிட்டு எடுங்கள்.

பர்கூர் குவாரி

இருவருக்கும் மிக்க நன்றி. கேன் வைத்து ஓட்டியபோது, எவ்வளவு சுமை கொடுத்தும் வண்டி நிற்கவில்லை. டேங்க் லைனை மறுபடி இணைத்து டிரான்ஸ்பரென்ட் ஹோஸில் பார்த்தபோது குமிழ்கள் தெளிவாக ஓடின. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர் கிண்ணத்தின் ரப்பர் கேஸ்கெட் காய்ந்து ஒரு பக்கம் வெடித்திருந்தது. கிண்ணத்தின் அடியில் தண்ணீரும் கருமையான கசடும் இருந்தன. கேஸ்கெட்டையும் பேஞ்சோ போல்ட் (குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) வாஷர்களையும் மாற்றிவிட்டோம். டேங்கை எப்படிக் கழுவுவது, பம்பையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டுமா என்று சொல்லுங்கள். இப்போதைய டீசலில் கந்தகம் குறைவு, பழைய பம்புக்கு ஆகாது, 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) கலந்து ஊற்று என்கிறார்கள், அது சரியா?

ஓசூர் பம்ப் சர்வீஸ்

பம்ப்களைப் பிரித்துப் பார்ப்பதே என் தொழில் என்றாலும், உங்கள் பம்பை இப்போது பிரிக்க வேண்டாம் என்றே சொல்வேன். எஞ்சின் ஆயில் மட்டம் ஏறினால், புகை கறுத்தால், சூட்டில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கொண்டுவாருங்கள்.

கந்தகம் குறைந்தது உண்மைதான். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசு அளவுகோல்) டீசலில் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) ஆக இருந்த அளவு, 1.4.2020 முதல் வந்த பி.எஸ். 6 டீசலில் 10 பி.பி.எம். ஆனது. கந்தகத்தை நீக்கும்போது குறையும் வழவழப்புத்தன்மையை ஈடுசெய்ய மருந்து சேர்க்கப்படுகிறது. டீசலின் தர அளவுகோலிலேயே அதற்கு வரம்பு உண்டு. ஆகையால் 2டி ஆயில் தேவையில்லை. பம்பை உண்மையில் கெடுப்பது தண்ணீரும் தூசியும்தான். பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் (இதையும் பேரல் என்போம்) உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. அதற்குள் டீசல்தான் எண்ணெய். தண்ணீர் புகுந்த இடத்தில் துருவும் கீறலும் விழும்.

டேங்கை முழுவதும் வடித்து, கைத்துளை மூடியைத் திறந்து, வலையைக் கழற்றி, சுத்தமான டீசலால் மட்டுமே கழுவுங்கள். பெட்ரோல் தீ ஆபத்து. தண்ணீர் மீண்டும் கசடுக்கு வித்து. காட்டன் வேஸ்ட் நூல் விட்டு வலையை அடைக்கும். பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். எவ்வளவு கழுவினாலும் மூலைகளில் மீந்த கசடு முதல் சில வாரங்களில் வந்துகொண்டிருக்கும் என்பதால் முதல் ஃபில்டரில் ஒரு செட் கையிருப்பில் வையுங்கள். புது ஃபில்டரின் நடுத்துளையில் வெளி டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள். அது வடிகட்டிய பக்கம். கை பம்பாலேயே நிரப்புங்கள்.

லைனிலிருந்து ஏர் எடுக்கும்போது முதல் ஃபில்டர், இரண்டாம் ஃபில்டர், பம்பின் பிளீட் ஸ்குரூ என்ற வரிசையில் வாருங்கள். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் யூனியன் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி எஞ்சினைச் சுழற்றலாம். முகத்தையும் கையையும் தள்ளியே வையுங்கள். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி முனையளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நட்டு தளர்த்தும் முறை உங்கள் பழைய பம்புக்கு மட்டுமே. உங்கள் குவாரியில் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) வண்டி இருந்தால் அதில் யாரும் இதைச் செய்துவிடாமல் ஆபரேட்டர்களிடம் சொல்லி வையுங்கள். அந்த லைனில் 1,000 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும்.