காக்டெய்ல் பிக் – 'கோர்முள்' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேட்டரிங் மாணவர்களுக்கான பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், காக்டெய்ல் பிக் (கலப்பு மதுபானத்தில் போடும் ஆலிவ், பழத்துண்டு போன்றவற்றைக் குத்திக் கோர்க்கும் சிறு கூர்முனைக் கருவி) என்ற இடத்தில் தமிழ்ச் சொல் கிடைக்காமல் மூன்று நாளாக நகர முடியவில்லை. இதுவரை இந்த இழையில் வந்த மதுக்குச்சி, அலங்காரக் குச்சி, பல்குச்சி மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

குச்சி என்றாலே மரம் அல்லது மூங்கில்தான் மனதில் வரும். ஆனால் இது துருப்பிடிக்காத எஃகிலும் வருகிறது, கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதை 'எஃகுக் குச்சி' என்று எழுதிப் பாருங்கள், கம்பி என்றுதான் வாயில் வரும்.

'அலங்காரம்' இன்னும் தவறு. மார்ட்டினி என்ற கலப்பு மதுபானத்தில் போடும் ஆலிவ் வெறும் அழகுக்கு இல்லை, அதன் உப்புநீர் பானத்தில் இறங்குகிறது, கடைசியில் அதைத் தின்கிறார்கள். ஆலிவை எடுத்துவிட்டு ஊறுகாய் போட்ட சின்ன வெங்காயத்தைக் கோர்த்தால் பானத்தின் பெயரே கிப்ஸன் என்று மாறிவிடுகிறது! பெயரையே மாற்றுகிற ஒன்றை, கொத்தமல்லி தூவி அலங்கரிப்பதோடு எப்படிச் சேர்ப்பது?

பல்குச்சி வேண்டவே வேண்டாம், இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அது குட்டையானது, கோப்பைக்குள் விழுந்தால் ஆலிவோடு சேர்ந்து தெரியாமல் கிடக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன் 1941இல் பனாமாவின் கொலோன் நகரில் இறந்தது, விழுங்கிய பல்குச்சி உள்ளே குத்தி வயிற்றுக்குள் தொற்று பரவியதால்தான். அதனால் மாணவர் முதலில் கற்க வேண்டியது நீளம்: கோப்பையின் விளிம்புக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும், அல்லது கோப்பை வாயின் குறுக்கே பாலம் மாதிரி கிடக்க வேண்டும். உயரமான கண்ணாடித் தம்ளருக்கு இன்னும் நீளமானது வேண்டும். பாடத்தில் 'பல்குச்சி' என்று எழுதிவிட்டால் அந்த மாணவர் கடையில் போய் அதைத்தான் வாங்குவார்.

அப்புறம் பருமன். வெங்காயம் சின்னது, தடித்ததைச் செருகினால் பிளந்துவிடும். அன்னாசித் துண்டை வழவழப்பான உருண்டைக் கம்பியில் கோர்த்தால் கையில் எடுக்கும்போதே சுழலும், தட்டையானதில் அப்படியே நிற்கும். ஜப்பானிய மூங்கில் வகை ஒன்றில் மேல்முனையை முடிச்சாகக் கட்டியிருப்பார்கள், ஈர விரலுக்கும் நழுவாது.

நீளம், பருமன், பொருள் எல்லாம் மாறினாலும் மாறாத வேலை ஒன்றுதான்: கூர்முனையால் குத்திக் கோர்ப்பது. அதனால் 'கோர்முள்' என்று முன்வைக்கிறேன். குடிநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. முள் எந்தப் பொருளுக்கும் கட்டுப்படாது, கருவேலமரத்திலும் முள், மீனிலும் முள், கடிகாரத்திலும் முள். மூங்கில் கோர்முள், எஃகுக் கோர்முள், முடிச்சுக் கோர்முள் எல்லாம் இடறாமல் வருகின்றன.

'ஈர்க்கு' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். தையல் இலை தைக்கிற ஈர்க்கு எனக்கும் பிடித்த சொல், பயனிலும் நெருக்கம். ஆனால் அது ஓலையின் நடுநரம்பு, எஃகுக்கு ஒட்டாது.

முள் என்றால் தொண்டையில் குத்துவது நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். வரட்டும், குடிப்பவர் அதைக் கவனித்து வெளியே எடுத்து வைத்தால் நல்லதுதான். வெள்ளிக்கிழமை பாடத்தை அனுப்ப வேண்டும், அதற்குள் மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.