பழைய டர்போ டீசல் இழுக்கலையா? டர்போவை மாத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

கேள்வி (மன்னார்குடி, இப்போ இங்கிலாந்து): அண்ணே, 2008 மாடல் 1.9 டீசல் கார். ஏத்தத்துல திடீர்னு இழுவை போயிடுது, 3000 ஆர்பிஎம் தாண்டமாட்டேங்குது. அணைச்சு ஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுது. டர்போ போச்சுன்னு கராஜில் சொல்றாங்க. மாத்திடவா?

பதில் (கும்பகோணம், டீசல் மெக்கானிக்): அவசரப்படாதீங்க தம்பி. உடைஞ்ச டர்போ, சாவியைத் திருப்பினா குணமாகாது. இது லிம்ப் மோடு. டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தம் கணக்குல தப்பினதும் இசியூ (எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்) தானே சக்தியைக் குறைச்சுடுது. தஞ்சாவூர்ல இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் ரோடு சமதரை, மேம்பாலம் விட்டா முழுச் சுமை விழாது. அங்கே மலைச்சரிவுல ஏறும்போதுதான் இந்தக் குறை வெளியே வரும்.

முதல்ல ஓபிடி ரீடர் (இசியூ பதிஞ்சு வெச்ச பிழைக் கோடுகளைப் படிக்கிற கருவி) போட்டு கோடு பாருங்க. பி0234 வந்தா அழுத்தம் அதிகம்: பெரும்பாலும் டர்போ உள்ளே வேன்கள் (புகையைத் திருப்பிவிடுற சின்னத் தகடுகள்) கரி பிடிச்சு சிக்கியிருக்கும். சும்மா கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓடுற வண்டிக்கு இது வரும். பி0299 வந்தா அழுத்தம் பத்தலை: ஓட்டையைத் தேடணும்.

எஞ்சின் ஓடாம சாவி மட்டும் போட்டா மேப் சென்சார் (காத்தழுத்தத்தை அளக்கிறது) 1000 மில்லிபார் பக்கம் காட்டணும். ரொம்ப விலகி நின்னா சென்சார்தான் பொய் சொல்லுது.

அடுத்தது, டர்போ வேன்களை அசைக்கிற ஆக்சுவேட்டருக்குப் போற வேக்குவம் (உறிஞ்சு) குழாய். பம்புசெட்டு உறிஞ்சுகுழாயில் ஊசி ஓட்டை இருந்தா தண்ணி ஏறாதே, அதே கதைதான். ரப்பர் வெளியே நல்லாத் தெரியும், முனையில வளைச்சுப் பார்த்தா கீறல் விட்டிருக்கும். பழைய துண்டை எடுத்துட்டுப் போய் அதே உள்விட்டத்துல வாங்கி மொத்தமா மாத்திடுங்க, செலவு கம்மி. இன்னொருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்க: உங்க மாதிரி வேக்குவம் வகையில சட்டுனு இழுபடணும், அணைச்சதும் தடையில்லாம திரும்பணும். பாதியில தயங்கினா வேன் சிக்கல். அதுக்கும் டர்போவைக் கழட்டிச் சுத்தம் பண்ணவே பாருங்க. புதுசு கடைசி வழி.

இன்டர்கூலர் (டர்போ தள்ளுற காத்தைக் குளிர வைக்கிறது) குழாய்களை அடியிலயும் தடவிப் பாருங்க. வெளியே எண்ணெய் ஈரத்தோட தூசி அப்பியிருக்கிற இடத்துலதான் காத்து கசியும். உள்ளே மெல்லிசா எண்ணெய்ப் படலம் சகஜம், தேங்கி நின்னா சகஜமில்ல. கராஜில் ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள்ள புகை விட்டுக் கசிவு தேடுறது) கேளுங்க. கம்ப்ரசரால வீட்டுலயே பார்க்கணும்னா அரை பார் போதும், அதுக்கு மேல சீல் போயிடும்.

கடைசியா, எஞ்சின் ஆறினதும் டர்போ சக்கரத்தை விரலால ஆட்டுங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரம் சுவரைத் தொட்டாலோதான் டர்போ போச்சு. அப்படி மாத்தினா எண்ணெய் வர்ற குழாயையும் எண்ணெய், ஃபில்டரையும் சேர்த்தே மாத்துங்க. பழைய குழாய் அடைச்சிருந்தா புது டர்போ பேரிங்கும் காய்ஞ்சு போயிடும்.

இன்னொரு பதில் (திருவாரூர், இப்போ பர்மிங்ஹாம்): உங்க வண்டியில டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற வடிகட்டி) இருந்தா அதோட அழுத்த வித்தியாசத்தையும் ரீடரில் பாருங்க, அடைச்சிருந்தாலும் இழுவை போகும். வாரம் ஒருமுறை மோட்டார்வேயில 20 நிமிஷம் சீரா ஓட்டுங்க. டிபிஎஃப்பையே எடுத்துடலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. 2014 பிப்ரவரியில இருந்து எம்ஓடி (இங்கே வருஷா வருஷம் வண்டிக்கு நடக்கிற) சோதனையில அது இருக்கான்னு பார்க்கிறாங்க, இல்லைன்னா வண்டி தேறாது.