பாலைவனப் பறவைகளை நேரில் வரைந்த டெல்லிக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மயூர் விஹார்:
போன ஜனவரியில் ஜெய்சல்மேர் பக்கம், சுதாசரி. இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரே ஒரு கானமயில் (மயில் இல்லை, புல்வெளியில் வாழும் பெரிய பறவை), ஆண், புல்லுக்கு நடுவே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தது. கை நடுங்க நடுங்கக் கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கழுத்து, மார்பின் குறுக்கே அந்தக் கறுப்புப் பட்டை எல்லாம் போட்டுவிட்டேன். பின்னால் தூரத்தில் காற்றாலையும் மின்கம்பியும் தெரிந்தன, அவற்றை மட்டும் வரையவில்லை. படம் இப்போது கூடத்தில் தொங்குகிறது. அந்த வெறும் வானம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆர்.கே.புரம்:
எனக்குக் கல்கௌதாரி. காலையில் குட்டைக்குக் கூட்டமாக இறங்கின, ஒரு ஆண் மட்டும் வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி நனைத்தது, குஞ்சுகளுக்கு இறகிலேயே கொண்டுபோகத்தான். வீட்டில் ஃபோட்டோ பார்த்து வரையும்போது அடிவயிற்றில் சாம்பல் நிழல் பூசுவேன். அங்கே நிழல் சாம்பலே இல்லை! மணலில் பட்ட வெயில் திரும்பி மேலே அடித்து, நிழலுக்குள்ளேயே காவி மினுங்கியது. பழைய படங்கள் எதையும் இப்போது பார்க்க முடியவில்லை.

துவாரகா:
மயூர் விஹார் அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், கம்பியை விட்டது சரியில்லை. ஆண் கானமயில் 15 கிலோ வரை இருக்கும், நேர் எதிரே பார்வையும் குறைவு, கம்பியைக் கண்டு திரும்புவதற்குள் மோதிவிடும். 2021-இல் உச்ச நீதிமன்றமே கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. வாழிடத்தோடு வரைகிறோம் என்றால் கம்பியும் அதில்தானே இருக்கிறது? ராஜஸ்தானின் கீச்சன் கிராமத்தில் குர்ஜா கொக்குகளை நான் கம்பியோடுதான் வரைந்தேன்.

கரோல் பாக்:
ராஜஸ்தானின் தால் சாப்பர் சரணாலயத்தில் ஒரே ஒரு காலை உட்கார்ந்தேன், நீர்வண்ணம் பூசப் பூசக் காய்ந்து வானமெல்லாம் கோடு கோடாகிவிட்டது. அதனால் சொல்கிறேன், தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விடுங்கள், தாளை இரண்டு பக்கமும் நனைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினால் கானல் எழும்பி ஸ்கோப்பில் (தொலைநோக்கியில்) பறவையின் கால் நெளியும், அதற்கு முன்பே உருவத்தை முடித்துவிடுங்கள். அப்புறம், தாளை வெயிலில் வைத்துப் பூசாதீர்கள், கண் கூசி நிறத்தை அடர்த்தியாகப் போட்டுவிடுவீர்கள், வீட்டில் பார்த்தால் இருட்டாக இருக்கும்.

மயூர் விஹார்:
துவாரகா தம்பி, நேற்று படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, 2பி பென்சிலைக் கையில் எடுத்துவிட்டேன். எத்தனை கம்பி என்று நினைவில்லை. ஃபோட்டோவும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் யாராவது போனால் எண்ணிச் சொல்லுங்கள்.